இங்கிலாந்துக்குப் படிக்கக் கிளம்புறீங்களா? பெட்டி கட்டுறதுலேந்து வீடு காலி பண்றவரைக்கும்

நான் 2024 செப்டம்பர்ல திண்டுக்கல்லேந்து ஷெஃபீல்டுக்கு வந்தேன், ஒரு வருஷ மாஸ்டர்ஸ். இப்ப மாசத்துக்கு ரெண்டு மூணு பேராவது, சித்தி பொண்ணோட ஃப்ரெண்டு, காலேஜ் ஜூனியர், அம்மாகூட வேலை பாக்குற டீச்சரோட பையன்னு யாராவது வாட்ஸாப்ல வந்து "அக்கா என்னென்ன பண்ணணும்"னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டுப் போட்டு தொண்டை கட்டிக்கிச்சு, அதனால ஒரே இடத்துல எழுதிடறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்த ஊர்ல யாரும் நம்மளக் கூப்பிட்டு "இதைப் பண்ணிட்டியாப்பா"ன்னு கேக்க மாட்டாங்க. லெட்டர் போடுவாங்க, மெயில் அனுப்புவாங்க, அதோட அவங்க வேலை முடிஞ்சுது. ஆனா நாமளா போய்க் கேட்டா பெரும்பாலும் நின்னு நிதானமா சொல்லிக் குடுப்பாங்க. நான் காசு விட்டது, மார்க் விட்டது, உக்காந்து அழுதது எல்லாமே கேக்காம விட்ட இடத்துலதான், அது ஒவ்வொண்ணா கீழ வரும்.

கிளம்புறதுக்கு முன்னாடி

விசாவுக்குக் காட்டுற பணம் அக்கவுண்ட்ல தொடர்ந்து 28 நாள் இருக்கணும். நடுவுல ஒரே ஒரு நாள் ஒரு ரூபா கொறஞ்சாலும் போச்சு, அதனால அந்த அக்கவுண்ட்லேந்து யாரும் கரண்ட் பில் கூட கட்டக்கூடாதுன்னு வீட்ல சொல்லி வைங்க. எவ்வளவு காட்டணும்ங்கிற தொகை லண்டனுக்கு வேற, மத்த ஊருக்கு வேற, அடிக்கடி ஏத்திட்டே இருக்காங்க, அரசாங்க வெப்சைட்ல அன்னிக்குத் தேதிக்கு என்ன இருக்குன்னு பாருங்க, ஏஜென்ட் சொல்றதை மட்டும் நம்பாதீங்க. டிபி டெஸ்ட்டும் அவங்க லிஸ்ட்ல இருக்குற கிளினிக்லதான் எடுக்கணும், தெருமுனை லேப்ல எடுத்த எக்ஸ்ரே செல்லாது.

பட்ஜெட்ல நிறைய பேர் விட்டுடறது ஹெல்த் சர்சார்ஜ், அதாவது இங்க கவர்மென்ட் வைத்தியத்துக்குன்னு விசா போடறப்பவே கட்டுற காசு. ஸ்டூடன்ட்டுக்கு வருஷம் 776 பவுண்டு. ஒரு வருஷ கோர்ஸ்தானேன்னு நினைப்போம், ஆனா கோர்ஸ் முடிஞ்சு நாலு மாசம் சேத்துதான் விசா குடுப்பாங்க, 16 மாசம் ஆகிடும், அதனால ஒன்றரை வருஷத்துக்கு 1,164 பவுண்டு. விசா ஃபீஸ் இதுல சேராது, அது தனி. அப்பா லேப்டாப் முன்னாடி உக்காந்து இந்த நம்பரைப் பாத்துட்டு கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி பாத்தார்.

அடுத்து நம்மாளுங்களுக்குன்னே இருக்குற பிரச்சினை, பேரு. நமக்கு இனிஷியல்தானே, பாஸ்போர்ட்ல சர்நேம் இடத்துல அப்பா பேரைப் போட்டிருப்போம், இல்ல காலியா விட்டிருப்போம். காலியா இருந்தா இங்க பாதி ஆன்லைன் ஃபார்ம் அடுத்த பக்கத்துக்கே போகாது, கிளம்புறதுக்கு ரொம்ப முன்னாடியே சரி பண்ணிக்கங்க. அப்பா பேர் இருந்தா ஒண்ணும் பிரச்சினை இல்ல, ஆனா ஒரு வருஷத்துக்கு எல்லா லெட்டரும் அப்பா பேருக்கு முன்னாடி மிஸ் போட்டு வரும், சிரிச்சுட்டுப் போக வேண்டியதுதான். எது எப்படி இருந்தாலும் பாஸ்போர்ட், ஆஃபர் லெட்டர், விசா, பேங்க் நாலுலயும் ஒரே மாதிரி எழுத்து இருக்கணும்.

பெட்டியில என்ன வைக்கணும்னா, ஒரு சின்ன குக்கர், அதுக்கு ஒரு எக்ஸ்ட்ரா கேஸ்கெட், எக்ஸ்ட்ரா சேஃப்டி வால்வ் (இது ரெண்டும் இங்க தேடி அலைஞ்சிருக்கேன்), இட்லிப்பொடி, பருப்புப்பொடி, வீட்டுச் சாம்பார்பொடி, ரெண்டு ஜோடி மூக்குக்கண்ணாடி, வழக்கமா சாப்புடுற மாத்திரை இருந்தா டாக்டர் சீட்டோட. பல்லுல சின்னக் குடைச்சல் இருந்தாலும் ஊர்லயே பாத்துட்டு வாங்க, இங்க கவர்மென்ட் ரேட்ல பாக்குற டென்டிஸ்ட் புதுசா ஆள் சேக்குறது ரொம்ப அபூர்வம். அரிசி தூக்கிட்டு வராதீங்க, இங்கயே கிடைக்கும். பால் சேத்த ஐட்டமும் கறியும் நம்ம நாட்டுலேந்து கொண்டு வரவே கூடாது, சட்டப்படி தடை, அதாவது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் அம்மா உருக்கின நெய்யும் வீட்லயே நிக்கட்டும். வோல்டேஜ் ரெண்டு நாட்டுலயும் ஒண்ணுதான், பிளக்தான் வேற, மூணு தட்டைக் கம்பி இருக்கும், அடாப்டர் ரெண்டு வாங்கிக்கங்க. சுவெட்டர், கோட்டெல்லாம் ஊர்ல வாங்கிக் காசை வேஸ்ட் பண்ணாதீங்க, அது கொடைக்கானலுக்குத்தான் ஆகும்.

வந்து இறங்குன முதல் வாரம்

நான் மான்செஸ்டர்ல இறங்கினேன். ஏர்போர்ட்டுக்குள்ளயே ரயில்வே ஸ்டேஷன் இருக்கு, அங்கேந்து ஷெஃபீல்டுக்கு நேரா ரயில், ஒண்ணேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன. அன்னிக்கு மட்டும் சீப்பா இருக்கேன்னு ஒரு குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லுற அட்வான்ஸ் டிக்கெட் எடுக்காதீங்க, ஃப்ளைட் லேட் ஆனா டிக்கெட் வீண். வட இங்கிலாந்துல படிக்கப் போறவங்க லண்டன்ல இறங்கிட்டு ரெண்டு பெட்டியோட நாலு தடவ வண்டி மாறுறதுக்கு மான்செஸ்டரே மேல்.

முதல் வாரம் எதை முன்னாடி பண்ணணும்ங்கிற வரிசை முக்கியம், ஒண்ணு இல்லாம இன்னொண்ணு நடக்காது. முதல்ல யுனிவர்சிட்டிக்குப் போய் பாஸ்போர்ட் காட்டி என்ரோல் பண்ணுங்க. அது முடிஞ்சாதான் ஸ்டூடன்ட் கார்டு வரும், லெட்டரும் வரும். அந்த கவுண்டர்லயே நின்னு பேங்குக்கு ஒரு லெட்டர், கவுன்சில் டாக்ஸுக்கு (நம்மூர் வீட்டு வரி மாதிரி) ஒண்ணு, படிக்கிறேங்கிறதுக்கு ஒண்ணுன்னு மூணையும் கேட்டு வாங்கி பிடிஎஃப்பா வெச்சுக்கங்க. அப்புறம் சிம், பத்து பவுண்டுக்குள்ள மாசத்துக்குத் தேவையான டேட்டா கிடைக்கும், ரெண்டு வருஷ கான்ட்ராக்ட் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. அப்புறம் பேங்க். பெரிய பேங்க்ல அப்பாயின்மென்ட்டுக்கே நாளாகும், மான்சோ ஸ்டார்லிங் மாதிரி ஆப் பேங்க்ல பாஸ்போர்ட் போட்டோவும் ஒரு சின்ன வீடியோவும் எடுத்து அனுப்பினா போதும், எனக்கு ரெண்டு நாள்ல ஆச்சு. ஒரு எச்சரிக்கை, யாராவது, நம்மூர்ப் பையனாவே இருந்தாலும், "உன் அக்கவுண்ட்ல கொஞ்சம் பணம் போடறேன், எடுத்துக் குடு, கமிஷன் தர்றேன்"னா ஓடிடுங்க. அது திருட்டுப் பணத்தைக் கை மாத்துற வேலை, அக்கவுண்ட்டை முடக்கிடுவாங்க, கேஸும் வரும்.

விசா இப்ப முழுக்க ஆன்லைன், ஈ-விசா. நான் வந்தப்ப பிளாஸ்டிக் கார்டு குடுத்தாங்க, 2026 ஜனவரி வரைக்கும் விசா இருக்குன்னு நினைச்சா கார்டுல 31 டிசம்பர் 2024ன்னு போட்டிருந்துச்சு, ராத்திரி பூரா தூக்கம் இல்ல. காலைல இன்டர்நேஷனல் ஆபீஸ்ல போய்க் கேட்டா அந்தம்மா சிரிச்சுட்டே எல்லாருக்கும் அப்படித்தான்மா, கார்டு சிஸ்டமே அந்த வருஷத்தோட முடியுதுன்னு சொன்னாங்க. உங்களுக்கு அந்தக் குழப்பம் இருக்காது. அந்த ஈ-விசா அக்கவுண்ட்ல லாகின் பண்ணி ஷேர் கோட்னு ஒண்ணு எடுக்கலாம், வீட்டுக்காரர் கேப்பார், வேலை குடுக்குறவர் கேப்பார், அதைக் குடுத்தா போதும், 90 நாள் செல்லும்.

முதல் வாரத்துலயே ஜிபிகிட்டப் பதிஞ்சுடுங்க. ஜிபின்னா நம்ம ஏரியா டாக்டர், எதுக்கெடுத்தாலும் முதல்ல அவங்ககிட்டதான் போகணும், நேரா ஸ்பெஷலிஸ்ட்டைப் பாக்க முடியாது. நான் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன், மூணாவது வாரம் 102 காய்ச்சல், ஊரே இருமிட்டு இருந்துச்சு, பதிஞ்சு வைக்காததால எங்க போறதுன்னு தெரியல. அப்பதான் 111ன்னு ஒரு நம்பர் இருக்கறதே தெரிஞ்சுது, அவசரம்தான் ஆனா உயிர் போற அளவு இல்லன்னா அதுக்குப் போன் பண்ணலாம், உயிர் போற அவசரத்துக்கு 999. போன்ல பேசின நர்ஸ் இருபது நிமிஷம் கேள்வி கேட்டுட்டு பாராசிட்டமால் போடுங்க, தண்ணி குடிங்கன்னாங்க. ஊர்ல மாதிரி ஊசி, ஆன்டிபயாட்டிக், டானிக்னு ஒரு பை நிறையத் தர மாட்டாங்க, டாக்டர் சீட்டு இல்லாம மெடிக்கல்லயும் ஆன்டிபயாட்டிக் குடுக்க மாட்டாங்க. டாக்டரைப் பாக்க காசு கிடையாது, சீட்டுல இருக்குற ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு. வருமானம் கம்மியா இருக்குறவங்க ஹெச்சி1ன்னு ஒரு ஃபார்ம் போட்டா அதுலயும் விலக்கு கிடைக்க வாய்ப்பு இருக்கு, இதை எனக்கு யாரும் சொல்லல, ஃபார்மசியில நின்னு கேட்டதுல தெரிஞ்சது.

தங்குற இடம்

இங்கதான் நான் பெரிய தப்பு பண்ணேன். ஸ்டூடன்ட் ரெசிடென்ஸ்ல ரூம் புக் பண்றப்ப 44 வாரம், 51 வாரம்னு ரெண்டு இருக்கும், 44 கம்மியா இருக்கேன்னு அதை எடுத்தேன். செப்டம்பர்லேந்து 44 வாரம்னா ஜூலை நடுவுல முடிஞ்சிடும், மாஸ்டர்ஸ் டிசர்டேஷன், அதாவது கடைசியா எழுதுற பெரிய ஆய்வுக் கட்டுரை, முடிக்கிறதோ செப்டம்பர்ல. ஆக, டிசர்டேஷன் எழுத வேண்டிய நேரத்துல வீடு தேடிட்டு இருந்தேன். ஒரு வருஷ மாஸ்டர்ஸ்னா 51 வாரமே எடுங்க.

தனியார் வீடு எடுத்தா நேர்லயோ வீடியோ கால்லயோ பாக்காம ஒரு பவுண்டு கூட அனுப்பாதீங்க. பேஸ்புக்ல பளபளன்னு போட்டோ போட்டு, நான் இப்ப வெளிநாட்டுல இருக்கேன், டெபாசிட் அனுப்பு சாவி கூரியர்ல வரும்னு சொன்னா அது மோசடி. டெபாசிட் சட்டப்படி அஞ்சு வார வாடகைக்கு மேல கேக்கக்கூடாது, வாங்கின 30 நாளுக்குள்ள அரசாங்கம் ஒத்துக்கிட்ட மூணு ஸ்கீம்ல ஒண்ணுல போட்டு சர்டிபிகேட் குடுக்கணும். வரலேன்னா கேளுங்க. இந்த நாட்டுல வேலை பாக்குற ஒருத்தர் ஜாமீன் போடணும்பாங்க, நமக்கு யார் இருக்கா, அதனால என்கிட்ட ஆறு மாச வாடகையை முன்னாடியே வாங்கினாங்க. 2026 மே மாசத்துலேந்து புதுச் சட்டம் வந்து தனியார் வீட்டுக்காரங்க ஒரு மாசத்துக்கு மேல முன்பணம் கேக்கக்கூடாதுன்னு ஆகுது, அது நமக்கு நல்லதுதான், ஆனா ஜாமீனுக்கு ஆள் கேக்குறது நிக்காதுன்னு நினைக்கிறேன்.

வீட்டுக்குள்ள போன அன்னிக்கே சுவர், கார்ப்பெட், மெத்தை, அடுப்பு, பாத்ரூம் மூலைன்னு ஒவ்வொரு இடமா போட்டோ எடுத்து ஏஜென்சிக்கு மெயில் அனுப்பிடுங்க. அன்னிக்கே. ஏன்னு கடைசியில சொல்றேன். குளிர்காலத்துல ரூமுக்குள்ள துணி காயப் போட்டு ஜன்னலைத் தொறக்காமலே இருந்தா சுவர்ல கறுப்பா பூசணம் பூக்கும், எவ்வளவு குளிரா இருந்தாலும் தினம் பத்து நிமிஷம் ஜன்னலைத் தொறங்க. ஆங், பாத்ரூம்ல வாளி மக் இருக்காது, முதல் வேலையா ஒரு மக் வாங்கிடுங்க, இதுக்கு மேல வெளக்க வேண்டாம்.

சமையல், அலாரம், மாவு

வந்த நாலாவது நாள் ரசத்துக்குத் தாளிச்சேன். கடுகு, காஞ்ச மிளகாய், பெருங்காயம், புகை கொஞ்சம் தூக்கலா போச்சு, எல்லாருக்கும் நெடி ஏறுதேன்னு கிச்சன் கதவைத் தொறந்து விட்டேன், அடுத்த செகண்ட் மொத்த பில்டிங்கும் அலாரம். ராத்திரி ஒம்பதரைக்கு ஆறு மாடி ஜனம், ஒருத்தன் தலையில ஷாம்பூ நுரையோட, கார் பார்க்ல வந்து நிக்குது, நான் கையில கரண்டியோட. அப்புறம் மெயின்டனன்ஸ் ஆள் வந்து புரிய வெச்சார். கிச்சனுக்குள்ள பெரும்பாலும் இருக்கறது சூட்டைக் கண்டுபிடிக்கிற கருவி, புகையைக் கண்டுபிடிக்கிறது வராண்டாவுல இருக்கு, அதனால தாளிக்கிறப்ப கிச்சன் கதவை மூடணும், ஜன்னலைத் தொறக்கணும், அடுப்புக்கு மேல இருக்குற ஃபேனை ஃபுல்லா வைக்கணும். நாம பண்றது அப்படியே தலைகீழ். அடுப்பும் பெரும்பாலும் கரண்ட் அடுப்பு, ஆஃப் பண்ணாலும் அஞ்சு நிமிஷம் சூடு நிக்கும், கடுகு பொரியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே அடுப்பை ஆஃப் பண்ணிடணும்.

சாமான் வாங்க ஆல்டி, லிடில் ரெண்டும்தான் சீப். டெஸ்கோன்னா கிளப்கார்டு ஆப் போட்டுக்கங்க, அது இல்லாம வாங்குனா அதே பொருளுக்குக் கூட வாங்குவாங்க. சாயந்தரத்துக்கு மேல போனா அன்னிக்கு முடியுற சாமானுக்கு மஞ்ச ஸ்டிக்கர் ஒட்டி விலை கொறச்சிருப்பாங்க, வெக்கப்படாதீங்க, இங்கிலீஷ்காரப் பாட்டிங்க கூட அதுக்குத்தான் வர்றாங்க. பொன்னி அரிசி, இட்லி அரிசி, புளி, நல்லெண்ணெய், ஃப்ரோசன் தேங்காத்துருவல், பரோட்டா எல்லாம் இந்தியன் கடையில கிடைக்கும், கறிவேப்பிலைதான் ஊர்ல கொசுறா தர்றது இங்க காசு குடுத்து எண்ணி எண்ணிப் போடணும். மாவு குளிர்ல பொங்கவே பொங்காது. ஓவனை ஆன் பண்ணாம உள்ள லைட்டை மட்டும் போட்டு பாத்திரத்தை உள்ள வைங்க, நைட் வெச்சா காலைல பொங்கி இருக்கும், கதவுல "தொடாதீங்க, உள்ள மாவு இருக்கு"ன்னு ஒரு சீட்டு ஒட்டுங்க. நான் ஒட்டல. நைஜீரியாலேந்து வந்த ஃப்ளாட்மேட் பீட்சா வைக்க ஓவனை 200ல போட்டுட்டான், ஒரு பெரிய இட்லியா வெந்து இருந்துச்சு. அவனே அதுல பாதியைப் பொடி தொட்டுச் சாப்பிட்டான்.

லண்டன் போற சான்ஸ் கிடைச்சா ஈஸ்ட் ஹாம் போய்ட்டு வாங்க, தெருவுல நடந்தா காதுல தமிழ்தான் விழும், இலங்கைத் தமிழ்க் கடைகள், கொத்து ரொட்டி, புடவைக்கடை, கோயில். நான் அங்க சரவண பவன்ல ஒரு காபி குடிச்சுட்டு காரணமே இல்லாம அழுதேன், அது வேற கதை.

கிளாஸும் மார்க்கும்

முதல் எஸ்ஸேவுக்கு எனக்கு 54. ஊர்ல 85க்குக் கொறஞ்சு பாத்தது இல்ல, ஃபெயில் ஆன மாதிரி ரூமுக்குள்ளயே கிடந்தேன். ஒரு வாரம் கழிச்சு அந்த டியூட்டர்கிட்ட போய்க் கேட்டப்பதான் தெரிஞ்சுது, மாஸ்டர்ஸ்ல 50 பாஸ், 60 மெரிட், 70க்கு மேல டிஸ்டிங்ஷன், 80ங்கிறது எப்பவாவது ஒருத்தருக்கு. என்ன தப்பு பண்ணேன்னு கேட்டேன், புத்தகத்துல இருக்கறதை ரொம்ப அழகாச் சுருக்கி எழுதியிருக்க, நீ என்ன நினைக்கிறன்னு ஒரு வரி கூட இல்லையேன்னாங்க. உண்மைதான், பதினாறு வருஷமா என்கிட்ட யாரும் அதைக் கேட்டதே இல்ல. ரெண்டாவது எஸ்ஸே 63.

புரொஃபசரை சார், மேடம்னு கூப்பிட வேண்டாம், பேர் சொல்லித்தான் கூப்பிடணும், எனக்கு டிசம்பர் வரைக்கும் வாயே வரல, மெயில்ல ஹாய் போட்டுட்டு பேரை விட்டுடுவேன். காப்பி அடிக்கிறது இங்க பெரிய குத்தம், ஃப்ரெண்டு அசைன்மென்ட்டைப் பாத்து வார்த்தை மாத்தி எழுதறதும் அதுல சேத்திதான், ஏஐ வெச்சு எழுதிக் குடுக்கறதும் பல கோர்ஸ்ல அதே கணக்குதான். யாரோட கருத்தா இருந்தாலும் யார், எந்த வருஷம்னு சொல்லிடணும், அவ்வளவுதான் ரெஃபரன்சிங். லைப்ரரியில இதுக்குன்னே கிளாஸ் எடுக்குறாங்க, இலவசம், போனா பத்துப் பேர்தான் இருப்பாங்க. லேட்டா சப்மிட் பண்ணா பல இடத்துல நாளுக்கு அஞ்சு பர்சன்ட் கட், உடம்பு முடியலேன்னா டெட்லைனுக்கு முன்னாடியே ஃபார்ம் போட்டா தள்ளித் தருவாங்க, முடிஞ்சப்புறம் போய் அழுதா கஷ்டம்.

வேலை

டேர்ம் நேரத்துல வாரம் 20 மணி நேரம்தான். வாரம்னா திங்கள்லேந்து ஞாயிறு, இந்த வாரம் 15 அடுத்த வாரம் 25ன்னு சராசரி போட முடியாது. மாஸ்டர்ஸ் பண்றவங்க ஒண்ணு கவனிங்க, மத்தவங்களுக்கு சம்மர் லீவு, நமக்கு அது டிசர்டேஷன் டைம், லீவு கிடையாது, அப்பவும் 20தான். டெலிவரி ஆப்ல வண்டி ஓட்டுறது சுயதொழில் கணக்கு, ஸ்டூடன்ட் விசாவுல கூடாது, இன்னொருத்தர் அக்கவுண்ட்டை வாடகைக்கு வாங்கி ஓட்டுறது அதைவிட ஆபத்து. மாட்டுனா விசாவே போயிடும்.

சம்பளம் 21 வயசு ஆனவங்களுக்குக் குறைஞ்சது மணிக்கு 12.21 பவுண்டுன்னு இருந்துச்சு, அது 2025 ஏப்ரல் கணக்கு, வருஷா வருஷம் ஏப்ரல்ல ஏறும். கையில ரொக்கமா எட்டு பவுண்டு தர்றேன்னு நம்மூர் ஆளுங்களே கேப்பாங்க, பாவம் பாக்காம வேண்டாம்னு சொல்லுங்க. ஜாப் தேட நான் 70 சிவி ஆன்லைன்ல போட்டு ஒண்ணும் வரல, ஒரு கஃபே வாசல்ல ஆள் தேவைன்னு சீட்டு பாத்து உள்ள போய்க் கேட்டேன், மறுநாள் டிரையல். நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் (வேலை, வரிக் கணக்குக்குக் குடுக்குற நம்பர்) இல்லாமலே வேலை ஆரம்பிக்கலாம், விண்ணப்பம் போட்டுட்டா போதும்.

சேரும்போது ஒரு ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் தருவாங்க, ஏ, பி, சின்னு மூணு கட்டம், உங்களுக்கு எது பொருந்துதுன்னு படிச்சு டிக் பண்ணணும். நான் படிக்காம சி போட்டேன். அதுக்கு அர்த்தம், எனக்கு வேற ஒரு வேலையும் இருக்குன்னு. முதல் பவுண்டுலேந்தே 20 பர்சன்ட் டாக்ஸ் புடிச்சாங்க. வருஷத்துக்கு 12,570 பவுண்டு வரைக்கும் டாக்ஸே கிடையாது, நான் சம்பாதிச்சது அதுக்கு ரொம்பக் கீழ. மூணு மாசம் புடிச்சதை அப்புறம் மேனேஜர்கிட்ட கேட்டு, டாக்ஸ் ஆபீசுக்குப் போன் பண்ணி, முக்கால் மணி நேரம் பாட்டு கேட்டுக் காத்திருந்து மாத்தினேன், முழுசாத் திரும்பி வந்துச்சு. பேஸ்லிப்ல டாக்ஸ் கோடு 1257னு ஆரம்பிச்சு எல்னு முடியுதான்னு மட்டும் பாருங்க.

இருட்டு, மேடு, பஸ்

ஷெஃபீல்டு எங்க ஊர் மாதிரிதான், எங்களுக்குப் பூட்டு, இவங்களுக்குக் கத்தி, ஸ்பூன். துருப்பிடிக்காத ஸ்டீல் 1913ல இங்கதான் வந்துச்சு, பாட்டி வீட்டுக் கத்தியில ஷெஃபீல்டுன்னு எழுதியிருக்கும், அது ஒரு ஊர்னு எனக்கு அப்ப தெரியாது. ஊர் முழுக்க மேடு, வீடு பாக்குறப்ப மேப்ல தூரத்தை மட்டும் பாக்காம ஏத்தத்தையும் பாருங்க, பதினஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கறது பையோட ஏறினா அரை மணி. பனி விழுந்தா சறுக்கும், கிரிப் இருக்குற ஷூ வாங்குங்க. குடை இங்க வேலைக்கு ஆகாது, காத்து திருப்பிப் போட்டுடும், தொப்பி வெச்ச மழைக்கோட்டுதான். சாரிட்டி ஷாப்னு தெருவுக்கு ஒண்ணு இருக்கும், பழைய சாமான் கடை, அங்க நல்ல கோட்டே 15 பவுண்டுக்குக் கிடைச்சுது எனக்கு.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க, மார்ச் கடைசி ஞாயிறு முன்னாடி. டிசம்பர்ல நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிடும், மதியம் கிளாஸ் முடிஞ்சு வெளிய வந்தா ராத்திரி. எனக்கு மனசு ரொம்ப டல்லாச்சு, நான் சோம்பேறி ஆயிட்டேன்னுதான் நினைச்சேன். வைட்டமின் டி மாத்திரை எல்லாருமே போடறாங்க, அரசாங்கமே போடச் சொல்லுது, மதியம் கொஞ்சமாவது வெளிய நடங்க, முடியலேன்னா யுனிவர்சிட்டி கவுன்சலர்கிட்ட பேசுங்க, அதுக்கும் காசு இல்ல. கிறிஸ்துமஸ் அன்னிக்கு ரயில் கிடையாது, பஸ்ஸும் கிட்டத்தட்ட கிடையாது, பெரிய கடை எல்லாம் மூடியிருக்கும், முதல் நாளே பால், ரொட்டி வாங்கிடுங்க. ஞாயித்துக்கிழமை பெரிய கடை ஆறு மணி நேரம்தான்.

பஸ் ஒரு தடவைக்கு 3 பவுண்டுக்கு மேல கிடையாது. இறங்குறப்ப டிரைவருக்குத் தேங்க்யூ சொல்லணும், எல்லாரும் சொல்லுவாங்க, டிரைவர் உங்களை லவ்னு கூப்பிடுவார், பயந்துடாதீங்க, இந்த ஊர்ல ஆம்பளைங்க ஆம்பளைங்களையே அப்படித்தான் கூப்பிடுறாங்க. "யூ ஆல்ரைட்?"னு கேட்டா அது வணக்கம் மாதிரிதான், நான் முதல் மாசம் ஒவ்வொருத்தர்கிட்டயும் சளி இருக்குன்னு விவரமாச் சொல்லிட்டு இருந்தேன். டீக்கு வான்னா சாயந்தரச் சாப்பாட்டுக்கு வான்னு அர்த்தம், வயித்தைக் காலியா வெச்சுட்டுப் போங்க.

ரயிலுக்கு 16-25 ரயில்கார்டு, வருஷம் 35 பவுண்டு, டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு குறையும், 26 தாண்டினாலும் ஃபுல்டைம் ஸ்டூடன்ட்னா குடுப்பாங்க. லண்டன் ஒரு தடவ போய் வந்தாலே பாதி காசு வந்துடும். ஷெஃபீல்டுலயே இருந்தா 272 பஸ் ஏறி கேசில்டன் போங்க, பீக் டிஸ்ட்ரிக்ட், ஆட்டு மந்தை, மலை, ஒரு ஆள் சத்தம் இருக்காது. யுனிவர்சிட்டி ஆர்ட்ஸ் டவர்ல ஒரு லிஃப்ட் இருக்கு, கதவே இல்லாம நிக்காம சுத்திட்டே இருக்கும், ஓடுற பஸ்ல ஏர்ற மாதிரி ஏறணும். நம்ம மதுரை டவுன் பஸ்ல போனவங்களுக்கு அதெல்லாம் ஜுஜுபி.

கோர்ஸ் முடிஞ்சதும்

படிச்சு முடிச்சு இங்கயே வேலை பாக்கறதுக்கான கிராஜுவேட் விசா போடறதா இருந்தா இருக்குற விசா முடியறதுக்கு முன்னாடி, இங்க இருக்கும்போதே போடணும், அதுவும் யுனிவர்சிட்டி நீங்க முடிச்சுட்டீங்கன்னு அரசாங்கத்துக்குச் சொன்னப்புறம்தான். ஃபீஸ் 2025ல 880 பவுண்டா இருந்துச்சு, அதோட ஹெல்த் சர்சார்ஜ் வருஷம் 1,035 வீதம் ரெண்டு வருஷத்துக்கு, முதல் மாசத்துலேந்தே இதுக்குன்னு ஒதுக்குங்க. 2027 ஜனவரிலேந்து விண்ணப்பிக்கிறவங்களுக்கு ரெண்டு வருஷம் ஒன்றரை வருஷமா குறையுது.

கவுன்சில் டாக்ஸ் விஷயத்துல நான் வாங்குன அடி இது. ஸ்டூடன்ட்டுக்கு அந்த வரி இல்ல, ரெசிடென்ஸ்ல இருந்தவரைக்கும் அந்தப் பேச்சே வரல. ஜூலைல நாங்க நாலு பேர் ஒரே கான்ட்ராக்ட்ல ஒரு வீடு எடுத்தோம். என் கோர்ஸ் செப்டம்பர்ல முடிஞ்சுது, விசா ஜனவரி வரைக்கும் இருக்கு, அதுவரைக்கும் நான் ஸ்டூடன்ட்தானேன்னு இருந்துட்டேன். கணக்கு அப்படி இல்ல, கோர்ஸ் முடியுற தேதியோட சலுகை முடிஞ்சுது. மத்த மூணு பேரும் ஸ்டூடன்ட், அவங்க மேல வரி விழாது, அதனால 25 பர்சன்ட் தள்ளுபடி போக மொத்த வீட்டு வரியும் என் ஒருத்தி தலையில. மாசம் கிட்டத்தட்ட நூறு பவுண்டு. ரெண்டு லெட்டர் வந்திருந்துச்சு, பீட்சா கடை நோட்டீஸ்னு நினைச்சு கவரைப் பிரிக்கவே இல்ல. உங்க பேர் இல்லாட்டியும் வீட்டு அட்ரஸுக்கு வர்ற ஒவ்வொரு கவரையும் பிரிச்சுப் பாருங்க.

வீடு காலி பண்றப்ப அடுப்பு, ஓவன், ஃப்ரிட்ஜ், பாத்ரூம் டைல்ஸ் இடுக்கு வரைக்கும் தொடைக்கணும், ஓவன் உள்ளதான் அவங்க முதல்ல குனிஞ்சு பாப்பாங்க. சாவி குடுக்குறதுக்கு முன்னாடி மறுபடி போட்டோ. பணம் பிடிச்சா அந்த டெபாசிட் ஸ்கீம்லயே இலவசமா முறையிடலாம், ஏன் பிடிச்சாங்கன்னு நிரூபிக்க வேண்டியது வீட்டுக்காரர்தான். என் டெபாசிட்ல 120 பவுண்டு கழிச்சிருந்தாங்க. கார்ப்பெட் கறைக்குப் போட்டதை, நான் வந்த அன்னிக்கே எடுத்த போட்டோவைக் காட்டி மீட்டுட்டேன், 75 பவுண்டு திரும்பி வந்துச்சு. மிச்சம் 45, கிச்சன் மேடையில கையகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை, அது நான் போட்டதுதான், மறுக்க முடியாது. எலுமிச்சம்பழம், சோடா உப்பு, ப்ளீச் எல்லாம் போட்டுத் தேச்சாச்சு. அம்மாவுக்குப் போன் பண்ணா மஞ்சக் கறையெல்லாம் ரெண்டு நாள் வெயில் பட்டா தானாப் போயிடும்டின்னாங்க. அன்னிக்கு ஜனவரி 12, மணி மூணே முக்கால், வெளிய தெருவிளக்கு போட்டுட்டாங்க.